பிணத்தைத் தூக்க ஆளில்லை

மேடையின் விளிம்பில் அண்ணன் ஆம்ப்ரோஸ் செத்துக் கிடந்தான். சட்டையெல்லாம் பன்றி ரத்தம். கீழே கூட்டத்தோடு நின்ற பெனட் கையை நீட்டினால் அண்ணனின் காதைத் தொட்டுவிடலாம்.

மேடைக்குத் திரை கிடையாது. நாடகத்தில் செத்தவன் யாராவது வந்து தூக்கிப்போகும்வரை கிடக்கவேண்டியதுதான். அரசனாக நடித்த கிரிஸ்பின் இன்னும் புலம்பி முடிக்கவில்லை.

“பாவம், பொணத்துக்கு மூக்கு அரிக்குது. யாராச்சும் சொறிஞ்சு விடுங்கப்பா,” என்றாள் பேரிக்காய் விற்பவள். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வாசல் கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன.

“யாரும் அசையக்கூடாது! ராணியம்மா உத்தரவு!”

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கச் சிப்பாய்கள் வந்திருந்தார்கள். பெனட்டோடு கையுறை தைக்கும் வேலை பார்த்த ஒருவனை இப்படித்தான் ஒரு சாராயக்கடையில் பிடித்துப்போனார்கள். கடல் தாண்டிப் போனவன் திரும்பவேயில்லை. நடிகர்களை மட்டும் தொடமாட்டார்கள். ஒரு பிரபுவின் ஆட்கள் என்று அவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது.

“அண்ணே, கதவெல்லாம் சாத்திட்டாங்க.”

உதடு அசையாமல் பிணம் பேசியது. “மேல ஏறிருடா.”

“பாத்துருவாங்களே.”

“ஏறுடா மடையா!”

“இவ்வுடலை எடுத்துச் செல்லுங்கள்!” என்று கிரிஸ்பின் முழங்கினான். யாரும் வரவில்லை. மறுபடி முழங்கினான். தூக்கவேண்டிய இருவரும் கூலிக்கு வருகிறவர்கள், பாதுகாப்பு இல்லாதவர்கள். சத்தம் கேட்டதுமே பின்சுவர் ஏறிக் குதித்துவிட்டார்கள்.

கிரிஸ்பினின் கண் பெனட்மேல் விழுந்தது. “அங்கே நிற்கும் இளைஞனே, வந்து தூக்கு!”

பெனட் தொற்றி ஏறி, அண்ணனைக் கக்கத்தில் பிடித்து இழுத்தான். என்ன கனம்!

“அந்தக் கதவு வரைக்குந்தான்டா. இழு,” என்று பிணம் முனகியது.

கதவுக்குமுன் ஒரு சார்ஜண்ட் வந்து நின்றான். “டேய், நீ இப்பத்தானே கீழ நின்னே?”

“எங்க ஆளுங்கய்யா,” என்றான் கிரிஸ்பின்.

“அப்படியா? ஒரு வசனம் சொல்லச் சொல்லு, கேப்போம்.”

பெனட்டுக்கு ஒரு வசனமும் தெரியாது. சார்ஜண்ட் அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்தான். “பொணம் எனக்கு எதுக்கு? தூக்குறவன்தான் வேணும்.”

பிணம் எழுந்து நின்றது.

“இவன் என் தம்பிங்கய்யா. விட்ருங்க. நான் வர்றேன்.”

“பிரபுவோட ஆளைத் தொட்டா என் தலை போயிரும்.”

“நானா வந்தா யாரு கேக்கப்போறா?”

சார்ஜண்ட் இருவரின் தோள்களையும் மாறிமாறிப் பார்த்தான். கழுத்துப்பட்டையை விட்டான்.

“காசைத் திருப்பிக் குடுங்கடா! பொணம் நடந்து போகுது!” கடித்த பேரிக்காய்கள் மேடைக்குப் பறந்தன. அதற்குள் ஆம்ப்ரோஸ் படியிறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

“அண்ணே” என்று பெனட் வாயெடுக்குமுன் கிரிஸ்பின் அவன் தோளை அழுத்தினான்.

“படு.”

“எங்கண்ணன்…”

“மேடையில கிடந்தாத்தான் நீ எங்க ஆளு, எறங்குனா உன்னையும் பிடிச்சிருவாங்க. அந்த சார்ஜண்ட் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கான். படுடா.”

பெனட் படுத்தான். பலகையில் அண்ணன் கிடந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டான். அத்தனை காலடிச் சத்தத்தில் அண்ணனுடையது எது என்று தெரியவில்லை. கதவு திறந்தது, சாத்திக்கொண்டது.

கிரிஸ்பின் அவன்மேல் குனிந்து புலம்பலை முதலிலிருந்து ஆரம்பித்தான். நடுவில் குரலைத் தாழ்த்தி, “அழாதடா,” என்றான். “எல்லாரும் பாக்குறாங்க.”