மதிப்பிற்குரிய பங்குதாரரே

சபாபதி பாத்திக் சட்டையை மறுபடியும் இஸ்திரி போட்டார். மகன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. காலர் கொஞ்சம் மஞ்சளித்திருந்தது. அதற்காகத் துறைமுகத்தின் பங்குதாரர் ஒருவர் டீ-ஷர்ட்டில் போய் உட்கார முடியுமா?

துறைமுகம் அனுப்பிய கூட்ட அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தது. மூன்று மொழியில் வந்ததில் அவர் தமிழ்ப் பக்கத்தை மட்டும் படித்தார். ‘மதிப்பிற்குரிய பங்குதாரரே’. அதற்குக் கீழே முப்பதாண்டு வளர்ச்சித் திட்டம், சமூகப் பொறுப்பு என்று பெரிய பெரிய வார்த்தைகள். அவருக்கு முதல் வரியே போதும். வாழ்நாளெல்லாம் அந்தத் துறைமுகத்துக்குள் லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டு, பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மகன் கிஷனுக்கு ஃபோன் போட்டார். “மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடுறேன்” என்றான். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

ஆகவே மும்தாஜிடம்தான் சொன்னார். துறைமுக வாசலுக்கு வெளியே, மரத்தடியில் நீலத் தார்ப்பாய் கட்டியது அவள் தேநீர்க் கடை. மனைவி வள்ளியம்மா போனபிறகு அவர் பேச்சு முழுவதும் அங்கேதான். சில நாள்களில் அவர் வாயிலிருந்து வருவதே “தே தாரே, குராங் மானிஸ்” மட்டும்தான். சீனியைக் குறைத்துப் போடச் சொல்லவும் அவசியமில்லை, அவளுக்கே தெரியும். இருந்தாலும் சொல்வார்.

“அட, பங்குதாரரா! அப்போ இனிமே நாற்காலியத் தொடச்சுப் போடணும்லா” என்றாள் மும்தாஜ்.

சமூக மண்டபத்தில் கூட்டம். சிந்து என்ற இளம் அதிகாரி திரையில் படம் படமாகக் காட்டினாள். புதிய கப்பல்துறை, ராட்சதக் கிரேன்கள், இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை. 2055இல் தனக்கு என்ன வயதாகும் என்று கணக்குப் போடப்போன சபாபதி, பாதியில் விட்டுவிட்டார். அடுத்து ‘சமூகப் பசுமை வெளி’ என்று ஒரு படம். புல்தரை, நடைபாதை, மரத்தடியில் பெஞ்சு. அந்த மரத்தை அவர் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பார். நீலத் தார்ப்பாயைத்தான் காணவில்லை.

எழுந்து நின்றார். “நான் பங்குதாரர். அந்தக் கடைய எடுக்க நான் சம்மதிக்கல.”

சிந்து மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு அருகில் வந்தாள். “அங்கிள், பங்குதாரர்னா ஷேர் இருக்கறவங்க இல்ல. ஸ்டேக்ஹோல்டர். இந்தத் திட்டத்தால பாதிக்கப்படக்கூடிய எல்லாருமேதான். தமிழ்ல மாத்துனவங்க அப்படிப் போட்டுட்டாங்க. சாரி அங்கிள்.”

“அப்போ நான்தான் சேர்மன்லா!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். சபாபதியும் சிரித்தார். மானம் போகிற நேரத்தில் வேறென்ன செய்வது? உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “நீங்க சொன்னத எழுதிக்கிறேன் அங்கிள்” என்றாள் சிந்து. நல்ல பிள்ளை, எழுதவும் செய்தாள்.

ஒரு பொட்டலம் மீஹூன் சேமியாவும் வண்ணப்படம் போட்ட விளக்கத்தாளும் கொடுத்து அனுப்பினார்கள். நேரே கடைக்குப் போனார்.

“என்ன பங்குதாரரே, என்ன சொன்னாங்க?”

“கடைய எடுக்கறாங்களாம். நான் விடல. எந்திரிச்சு சொல்லிட்டேன்.”

தேநீரை ஆற்றிக்கொண்டிருந்த மும்தாஜின் கை நின்றது.

“ஏண்ணே சொன்னீங்க? நான் போன மாசமே சரின்னுட்டேன். காஜாங்ல மக வீட்டோட போயிடப் போறேன். காலு ரெண்டும் வீங்குது, எத்தன நாளைக்குத்தான் நிக்கறது?” மறுபடியும் ஆற்றத் தொடங்கினாள். “உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். மொகத்தப் பாத்தா வாய் வரல.”

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட அவர் யார்? இந்தக் கடைக்கும் அவர் பங்குதாரர் இல்லை. லோரி கிளப்பிய புழுதி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மும்தாஜ் பேச்சை மாற்றுவதற்காக விளக்கத்தாளை எடுத்து மேசையில் விரித்தாள். “இங்க பாருங்கண்ணே, பெஞ்சுல ஒருத்தர உக்கார வெச்சிருக்கான். அசல் நீங்கதான்லா!”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கம்ப்யூட்டரில் வரைந்த ஆள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யாருமில்லை.

“தே தாரே எங்க?” என்றார்.

“இந்தாங்க” என்று அவள் சிரித்துக்கொண்டே குவளையைப் படத்தின் மேலேயே வைத்தாள்.

இருட்டும்வரை மெதுவாகக் குடித்தார். கடைசியாகக் குவளையை எடுத்தபோது, பெஞ்சின் காலியான பக்கத்தில் பழுப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது. மும்தாஜ் துணியோடு வந்தாள்.

“இருக்கட்டும், தொடைக்காத” என்றார் சபாபதி.