பட்டறைச் சாவி

டிங்கரிங் பட்டறைக்காரர் யாரையும் லேசில் நம்பமாட்டார். பட்டறைச் சாவி கயிற்றில் கோத்து அவர் கழுத்திலேயே தொங்கும். பெண்டாட்டி கையில்கூடக் கொடுத்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் வக்கீல் தேடி அலைய வேண்டியதாயிற்று.

மகன் ஓட்டிப்போன வேனைப் பின்னாலிருந்து லாரி ஒன்று இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு நொறுங்கி அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். லாரிக்காரர்களோ, அவன்தான் குறுக்கே புகுந்து லாரியில் மோதினான் என்று வழக்கையே அவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

சின்ன ஊர். முதல் வக்கீல் லாரி முதலாளிக்குச் சம்பந்தி. அடுத்தவர் பாதிக் கதையிலேயே, ஜெயித்த மாதிரிதான் என்று முதுகைத் தட்டினார். வண்டியைப் பார்க்காமலே வேலை சுலபம் என்கிறவன் மெக்கானிக்கா? பட்டறைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

மிச்சம் இருந்தது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்த வக்கீல் அம்மா. ஆள் குள்ளம், பேச்சு காரம். ஊரில் 'கடுகு' என்று பேர். அவர் கேட்ட முதல் கேள்வி, வேன் எங்கே என்பதுதான்.

"நம்ம பட்டறையிலதாம்மா. நேத்தே தட்டி நிமித்திட்டேன். அடிபட்டதே தெரியாது."

கடுகு பேனாவை மூடினார். "அந்த நசுங்கல்தான் ஐயா நமக்குச் சாட்சி. சாட்சியை உங்க சுத்தியாலயே அடிச்சுக் கொன்னுட்டீங்களே."

மகன் வீடு திரும்பும்போது வேன் பழையபடி நிற்கவேண்டும் என்றுதான் இவர் தட்டினார். நசுங்கின தகரத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க அவர் கைக்குத் தெரியாது.

கழற்றிப் போட்டது ஏதாவது உண்டா என்று கடுகு கேட்டார். பின்கதவு மட்டும் தேறாது என்று காயலான் கடையில் போட்டிருந்தார். அந்த அம்மா கறுப்புக் கோட்டோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துருப்பிடித்த குவியலில் ஏறியதைக் கடைக்காரனே வாய்பிளந்து பார்த்தான். கதவு கிடைத்தது. லாரி பம்பரின் தடம் அச்சடித்தாற்போல் இருந்தது. ஓரத்தில் லாரியின் பச்சைப் பெயின்ட்.

"நான் தட்டினதை வெளியே சொல்லவேணாமே" என்று இவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஜட்ஜ்கிட்ட நானே முதல்ல சொல்லப்போறேன். அவங்க சொன்னா நீங்க தடயத்தை அழிச்சவரு. நாம சொன்னா, கை சும்மா இருக்காத தகப்பன்."

இந்த ஊரில் இப்படியும் ஒரு வக்கீலா என்று இருந்தது அவருக்கு. கதவைக் கொண்டுவந்து பட்டறைக்குள் வைத்துப் பூட்டினார். கடுகு கையை நீட்டினார்.

"சாவி."

"எதுக்கும்மா?"

"உங்களை நம்பமுடியாது. இதையும் தட்டிடுவீங்க."

தன்னைப்போலவே லேசில் யாரையும் நம்பாத ஓர் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தார். கழுத்துக் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார்.