செல்வி வைத்த செட்டிங்

கொச்சி மட்டாஞ்சேரியை ஒட்டிய கூவப்பாடத்தில் ராமர் வீட்டிலிருந்த செயின் வாளுக்குக் கிழவன் என்று பெயர். வைத்தது ராமரின் மனைவி செல்வி என்கிற செல்வலட்சுமி. இடுக்கியில் ஏதோ எஸ்டேட்டில் கழித்துப்போட்டிருந்த பெட்ரோல் வாள் அது. கொத்தனார் வேலைக்கென்று உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ராமர், அதை வாங்கிய பிறகுதான் மரம் வெட்டுகிறவனானான். ஆரஞ்சு நிறம் பாதி உரிந்து, கைப்பிடியில் சைக்கிள் ட்யூப்பைச் சுற்றி, மூடியில் ஒரு போல்ட்டுக்குப் பதில் கம்பி முறுக்கியிருந்தாலும், கிழவன் எந்த மரத்துக்கும் பின்வாங்கியதில்லை. காலையில் கிளப்பும்போது மட்டும் கொஞ்சம் இருமும்.

மட்டாஞ்சேரியில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. ஒரு கிளை விழுந்தால் இரண்டு வீட்டு ஓடு போகும். அதனால் எதையும் அப்படியே வெட்டித் தள்ள முடியாது. கிளையில் வடம் கட்டி, அதை மேல்கவையில் போட்டு, மறுமுனையைக் கீழே பிடித்துக்கொண்டு, அறுத்ததை மெல்ல இறக்க வேண்டும். மேலே ராமர் அறுப்பான். கீழே வடம் செல்வியின் கையில். அவளைத் தவிர வேறு யார் பிடித்தாலும் அவன் மரம் ஏறமாட்டான்.

அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில், பள்ளுருத்தியில் ஒரு பலா மரத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது கிழவன் மக்கர் செய்தது. சும்மா ஓடும்போது நன்றாக ஓடும். மரத்தில் வைத்து விசையை அழுத்தினால் ஒரு முக்கு முக்கி அணைந்துவிடும். கிளப்புகிற கயிற்றை இழுத்து இழுத்து ராமருக்குத் தோள் வலித்ததுதான் மிச்சம். மீதி வேலையைக் கைவாளால் முடித்துவிட்டு, மெஷினைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

சாயங்காலம் முற்றத்தில் பழைய தேர்தல் ஃப்ளெக்ஸ் ஒன்றை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். இது அவர்களுக்குப் பழக்கமான வேலை. செயினை அரத்தால் தீட்டுவது ராமர். ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போடுவது செல்வி. கேனில் கிடந்த பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, புதிதாக வாங்கி ஆயில் கலந்து ஊற்றினார்கள். அப்போதும் அதே முக்கல்.

"ப்ளக்கக் கழட்டுங்க மாமா, பாப்போம்" என்றாள் செல்வி.

கழற்றிய ப்ளக்கின் முனை சாக்பீஸ் போல வெளுத்திருந்தது. ஒழுங்காக எரியும் மெஷினில் அது காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் போதாமல் காற்று கூடிப்போனால்தான் இப்படி வெளுக்கும். காற்று எங்கிருந்து நுழைகிறது என்று பார்க்க, டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்தான் ராமர். வளைத்துப் பார்த்தால் பித்தவெடிப்பு விழுந்த குதிகால் மாதிரி நெடுக விரிசல்.

"இதாம் புள்ள வியாதி" என்று சிரித்தான். "வயசாச்சுல்ல, கிழவனுக்கு ரத்தக்குழாய் போச்சு."

மறுநாள் பஜார் அருகில் படகு இன்ஜின்களுக்குச் சாமான் விற்கும் யூசுப்பின் கடைக்குப் போனார்கள். யூசுப் ராவுத்தர் குடும்பத்துப் பையன். தமிழும் மலையாளமும் அவன் வாயில் ஒன்றாகவே வரும். குழாயைப் பார்த்ததும் படைத்தவனைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்தான்.

"என்ட படச்சோனே! ராமர் சேட்டா, இது மியூசியத்துல வைக்க வேண்டிய சாதனமாக்கும். புது மெஷின் ஒண்ணு எடுத்தூடே?"

"பொண்டாட்டிக்கு வயசாச்சுன்னா மாத்திருவியா யூசுப்பு?"

"அது ரெண்டும் ஒண்ணா சேட்டா?"

"பதிலச் சொல்லுங்க தம்பி" என்றாள் செல்வி. யூசுப் பேச்சை விட்டுவிட்டுக் குழாயை அளந்து வெட்டிக் கொடுத்தான்.

புதுக் குழாய் மாட்டியதும் கிழவன் கிளம்பிவிட்டது. ராமர் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்புரேட்டர் திருகுகளை முன்னும் பின்னும் திருப்பி செட்டிங் வைத்தான். கடைசியில் விசையை முழுக்க அழுத்திப் பிடித்தபோது அது ஓங்கி, கூர்மையாக ஒரு கீச்சுக் குரலில் பாடியது. செல்விக்கு அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது.

"ரொம்பக் கத்துற மாதிரி இல்ல?"

ராமர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா ஓடுது" என்று அணைத்துவிட்டான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த வாரமே கனகாம்பாள் வீட்டில் வேலை வந்தது. மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். கணவர் போன பிறகு கனகாம்பாள் மாமி தனியாக இருந்தாள். கொல்லைப்புறத்து மாமரம் மழையில் ஊறிச் சமையலறைக் கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்தது.

"மாமி, நாங்க சொல்ற வரைக்கும் வெளிய வந்துறாதீங்க" என்று செல்வி கதவைச் சாத்தச் சொன்னாள். ராமர் ஏறினான். சின்னக் கிளைகள் தொல்லையில்லாமல் இறங்கின. பிறகு கூரைக்கு மேலிருந்த பெரிய கிளையில் வாளை வைத்தான். செல்வி வடத்தை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். மேலே கிழவன் அதே கீச்சுக் குரலில் அலறியது. முக்கால்வாசி அறுத்திருக்கும். சத்தம் சட்டென்று இழுபட்டு நின்றது.

சூடேறி அணைந்துபோன மெஷினை ராமர் இடுப்புக் கொக்கியில் தொங்கவிட்டு, அரிவாளை எடுத்து மிச்சத்தை வெட்டத் தொடங்கினான். சத்தம் நின்றதால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது கனகாம்பாள். கதவைத் திறந்துகொண்டு வந்து, கிளைக்கு நேர் கீழே குனிந்து, சிதறிக் கிடந்த மாங்காய்களைப் பொறுக்கி முந்தானையில் போட ஆரம்பித்தாள்.

"மாமி, உள்ள போங்க! மாமா, நிறுத்துங்க! மாமா!"

கனகாம்பாள் திகைத்து அப்படியே நின்றாள். மேலே அரிவாள் ஓங்கி இறங்கியது. மறுபடி ஓங்கியது.

"மாமா!"

கிளை முறிந்தது. செல்வி வடத்தில் தன் உடம்பு முழுவதையும் தொங்கவிட்டாள். அது அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடி, அடிமரத்தில் இறுகி நின்றது. கிளை ஊசலாடியது. மாவிலைகள் கனகாம்பாளின் நரைத்த தலையைத் தடவிக்கொண்டு போயின.

செல்வி விடவில்லை. மாமி கதவோரம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கிளையைத் தரையில் இறக்கினாள். அப்போதுதான் கீழே பார்த்த ராமர், விறுவிறுவென்று இறங்கி வந்தான். முகம் வெளிறியிருந்தது. பயம் கோபமாக வந்தது.

"கீழ ஆளு நிக்கிதுன்னு ஒரு சத்தம் குடுக்க மாட்டியா நீ?"

செல்வி பதில் சொல்வதற்குள் கனகாம்பாள் பேசினாள். "என்ன ராமரே இப்படிச் சொல்றாய்? அவ கத்தின கத்தல் அம்பலத்துச் சாமி வரைக்கும் கேட்டிருக்குமே! தப்பு என்னோடதாக்கும். அவளைத் திட்டாதே."

ராமர் செல்வியைப் பார்த்தான், உடனே பார்வையை மரத்தின்மேல் திருப்பிக்கொண்டான். அந்த முகத்தைச் செல்வி அதுவரை பார்த்ததில்லை. திருட்டுத்தனம் பிடிபட்ட முகம் அல்ல அது. கூட்டத்தில் கைவிட்டுப் போன பிள்ளையின் முகம்.

மாமி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து செல்வியின் கையில் தடவினாள். மீதியை இன்னொரு நாள் வெட்டிக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தாள். மாங்காய்களையும் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செல்வி நேராக ஃப்ளெக்ஸை விரித்தாள். துணி சுற்றிய கையோடு ப்ளக்கைக் கழற்றி அவன் முன்னால் நீட்டினாள். மறுபடியும் சாக்பீஸ்.

"ட்யூப்பு புதுசு. பெட்ரோலு புதுசு. ஃபில்டரு நாந்தான் கழுவுனேன். அப்புறம் எப்படி வெளுக்குது?"

"செட்டிங்குல பெட்ரோல் கம்மியா போயிருக்கும்."

"அன்னைக்கே கத்துதுன்னு சொன்னேன்ல மாமா."

ராமர் ப்ளக்கை வாங்கி விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். "கத்துறது கேக்கல புள்ள" என்றான் கடைசியில். "கொர்ருன்னு அடியில ஓடுறது கேக்குது. மேல போற அந்தக் கூர்மையான சத்தம் இருக்குல்ல, அது இல்ல. கைப்பிடி அதிர்றத வச்சுத்தான் திருப்புனேன்."

"எம்புட்டு நாளா?"

"போன மழைக்கு முந்தியே. மொதல்ல குக்கர் விசில் போச்சு. அப்புறம் போன் மணி. நீ பேசுறதுல பாதி உன் வாயப் பாத்துத்தான் வெளங்கிக்கிறேன். முதுகுக்குப் பின்னால பேசுனா தெரியாது."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"செவிடன மரம் ஏற எவன் கூப்பிடுவான்? அதுவும் போக..." அவன் நிறுத்தினான். "நீ கீழ வடத்தப் பிடிக்க வரமாட்டேன்னு சொல்லிட்டீன்னா?"

செல்விக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோபப்படத்தான் நினைத்தாள். எத்தனை மாதமாக அவள் பேசும்போதெல்லாம் அவன் அத்தனை கூர்ந்து முகத்தையே பார்த்தான்! இந்த வயதில் இப்படி ஒரு ஆசையா என்று அவள் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தாள்.

"பாவி மனுசா" என்றாள். "நான் வேற என்னமோன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"என்ன நெனச்ச?"

"ஒண்ணுமில்ல. ஸ்க்ரூ டிரைவர எடுங்க."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு மெஷினுக்கு எதிரில் சம்மணம் போட்டாள். "எப்படிக் கேக்கணும்னு நீங்க சொல்லுங்க. கேக்குறத நான் பாத்துக்கிறேன்."

ராமரின் காதை விட்டுப் போன அந்தச் சத்தம் அவன் ஞாபகத்தில் அப்படியே இருந்தது. "விசைய முழுக்க அமுக்குனா, தொண்டை தெளிவாப் பாடுற மாதிரி இருக்கக் கூடாது. அது பட்டினில கத்துறது. வயிறு நெறஞ்சவன் பேசுவான்ல, லேசாத் திக்கித் திக்கி, கொழகொழன்னு. அப்படி இருக்கணும். மரத்துல வச்சா அந்தத் திக்கல் தானாப் போயிரும்."

அவன் கயிற்றை இழுத்தான். கிழவன் இருமிக் கிளம்பியது. விசையை அழுத்தியதும் அந்தக் கீச்சு. செல்வி முகத்தைச் சுளித்து, திருகை இடப்பக்கமாக மயிரிழை திருப்பினாள். கீச்சு. இன்னும் கொஞ்சம். குரல் ஒரு படி இறங்கியது. அவள் திருகைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். ராமர் மெஷினைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கூடிப்போய்ப் புகை கக்கியது. திரும்ப உள்ளே திருப்பினாள். மறுபடி கீச்சு வந்தது, வெளியே திருப்பினாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ மலையாளத்தில் திட்டினார்கள். ராமருக்குக் கேட்கவில்லை, கேட்ட செல்வி கண்டுகொள்ளவில்லை.

திடீரென்று அவள் கண்ணைத் திறந்தாள். "திக்குது! மாமா, திக்குது!"

அங்கே கிடந்த பலாக்கட்டையில் அவன் வாளை வைத்தான். திக்கல் நின்று, மெஷின் கனத்த குரலில் சீராக இறங்கியது. வெளியே வந்தது மாவுத்தூள் அல்ல, பூந்தியளவு சிராய். ராமர் அதை அள்ளி அவள் மடியில் போட்டான்.

கனகாம்பாளின் மாமரத்தை அவர்கள் முடித்துக்கொடுத்தார்கள். ஆனால் செல்வியின் நிபந்தனைகளோடு. ராமரின் இடுப்பில் ஒரு மெல்லிய கயிறு. மறுமுனை அவளுடைய முழங்கையில். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, தொடர்ந்து இழுத்தால் இறங்கு. காதுக்கு யூசுப்பிடம் வாங்கிய மஞ்சள் கவசம். சமையலறைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். உள்ளே அடைபட்ட கனகாம்பாள் ஜன்னல் வழியாக மேற்பார்வை பார்த்தாள். வெட்டி முடிந்து பணம் கொடுக்கும்போது, "காதை ஒரு டாக்டரண்டை காட்டணும், கேட்டியோ. இல்லேன்னா அடுத்த மரத்துக்குக் கூப்பிடமாட்டேன்" என்றாள். வீட்டில் இருந்ததே அந்த ஒரு மரம்தான்.

எர்ணாகுளத்தில் ஒரு காது டாக்டர், ராமரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். மெஷின் சத்தத்தால் போனது போனதுதான், இனி திரும்பாது. ஆனால் கவசம் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், காதுக்கு மெஷினும் வைத்துக்கொள்ளலாம் என்றார். "அந்த மெஷினுக்கும் ஃபில்டர் இருக்கு, தூசி தட்டணும்" என்று அவர் காட்டியபோது, செல்வி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

காது மெஷின் கிடைத்த நாளில் போர்ட் கொச்சிப் படகில் வீடு திரும்பினார்கள். ராமர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தான். செல்விக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. யூசுப் கேலி செய்தது, கனகாம்பாளின் அண்ணன் வீட்டில் இன்னொரு மரம் இருப்பது, கிழவனுக்குப் புதுச் செயின் வாங்க வேண்டியது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ராமர் மெல்ல அவள் கையைத் தொட்டான். உள்ளங்கையில் புதுத்தோல் வந்திருந்தது.

"மெதுவாப் பேசு செல்வி" என்றான். "ஏன் இப்படிக் கத்துற? படகுல எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க."

அவள் சுற்றிலும் பார்த்தாள். உண்மையாகவே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவன் பக்கம் நெருங்கி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லத் தொடங்கினாள்.