பதில் மணி

ஓய்வு பெற்ற மறுவாரமே டிரைவர் இரண்டு சைக்கிள் வாங்கினார். ஒன்று தனக்கு, ஒன்று மனைவிக்கு. முப்பத்தாறு வருஷம் நகரத்து மின்சார ரயிலை ஓட்டியவர் இனிமேல் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவரோ கையில் பம்புடன் வாசலில் உட்கார்ந்து நாலு சக்கரத்துக்கும் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு மனசில் ஓர் உறுத்தல் இருந்தது. பிள்ளை சின்னவனாக இருந்த காலத்தில் குடும்பத்தோடு வெளியூர் போகத் திட்டம் போட்டபோதெல்லாம் கடைசி நேரத்தில் டியூட்டி குறுக்கே வந்து விழுந்தது. கட்டின பெட்டியை அவிழ்த்து அவிழ்த்தே அந்த அம்மாளின் பாதி ஆயுள் போயிற்று. அதற்காக அவள் ஒருநாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. தூக்கி வைத்துக்கொண்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மின்சார ரயிலில் டிரைவர் முன்னால் இருப்பார், கார்டு கடைசிப் பெட்டியில் இருப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மணிதான் பேச்சு. இரண்டு மணி என்றால் எல்லாம் சரி, போகலாம். ஒரு மணி என்றால் நிறுத்து. கேட்டவர் அதையே திருப்பி அடிக்க வேண்டும். பதில் மணி வராத வண்டி நகரக்கூடாது. இந்தச் சட்டத்தை டிரைவர் அப்படியே சைக்கிளுக்கு இறக்கிவிட்டார். அவர் முன்னால், அவள் பின்னால். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை அவர் இரண்டு அடிப்பார், பின்னாலிருந்து இரண்டு வரும். திரும்பிப் பார்க்கிற வேலையே இல்லை. அன்றிலிருந்து அவளுக்குக் கார்டம்மா என்று பெயர். கார்டுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டாள். சாப்பாடும் தங்க இடமும் உண்டு என்றார். அதையும் நான்தானே சமைக்கிறேன் என்றாள்.

இப்படி மூன்று வருஷம் சுகமாக ஓடியது. சுகத்துக்கு நடுவே டிரைவரின் காது மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது.

ஹாரனுக்கு அடியில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்த காது என்னதான் செய்யும்? ஆண் குரல் பக்கத்தில் கேட்டால் பிடிபடும். பெண் குரலும் குழந்தைக் குரலும் மழுங்கிப்போய் வரும். போன் என்றால் சுத்தமாக ஒன்றும் புரியாது. போன் அடித்தால் "நீயே பேசு, என் கை ஈரம்" என்பார். வருஷம் முழுக்க அவர் கை ஈரமாகவே இருந்தது. யாராவது ஏதாவது சொன்னால் தலையை ஆட்டி "சரி சரி" என்பார். பத்தில் எட்டுக்கு அந்தப் பதில் பொருந்திவிடும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

டாக்டரிடம் போக மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. வேலையில் இருந்தபோது காதுச் சோதனையில் தோற்ற டிரைவர்களை அவர் பார்த்திருக்கிறார். நேற்றுவரை வண்டி ஓட்டியவன் இன்று ஆபீஸ் மூலையில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருப்பான். அந்த மூலைக்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு அப்போது பயம். இப்போது ஆபீஸே இல்லை, மூலையும் இல்லை. பயம் மட்டும் அவரோடு ஓய்வு பெறவில்லை.

இந்த வருஷம் மகன் எல்லோரையும் ஒரு நீர்த்தேக்கத்துக்குக் கூட்டி வந்திருந்தான். கரையில் ஒரு வாடகை வீடு, ஐந்து நாள். சைக்கிள்களும் காரின் மேல் கட்டப்பட்டு வந்தன. முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் மருமகள், "மாமா, காதை ஒரு தடவ காட்டிடலாமே" என்று பக்குவமாகத்தான் ஆரம்பித்தாள். டிரைவருக்குச் சுருக்கென்றது. தனக்கு ஒரு குறையும் இல்லை, இந்தக் காலத்து ஆட்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றார். மகன் அவர் பக்கம் குனிந்து, அவருக்குக் கேட்கிற மாதிரியே, "காது கேக்கலேன்னா ரோட்டுல சைக்கிள் வேண்டாம்ப்பா. அம்மாவும் கூட வர்றாங்க" என்றான். டிரைவர் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துகொண்டார். கார்டம்மா யார் பக்கமும் பேசாமல் தட்டுகளை எடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு இருவரும் கிளம்பினார்கள். நீர்த்தேக்கத்திலிருந்து போகும் கால்வாயின் கரையில், கடைசி மதகுவரை, ஆறு கிலோமீட்டர் மண்பாதை. கார்டம்மாவுக்குச் சர்க்கரை. ஊசி போட்டாயிற்று. ஏழரைக்குள் வயிற்றுக்கு ஏதாவது போக வேண்டும், எட்டைத் தாண்டினால் ஆளே துவண்டுவிடுவாள். சாப்பாட்டு டப்பாவும் குளுக்கோஸ் தண்ணீர் பாட்டிலும் வழக்கம்போல் டிரைவரின் கேரியரில் இருந்தன. அவள் போன் எடுத்து வரவில்லை. கார்டுக்கு மணி இருக்கும்போது போன் எதற்கு என்று எப்போதோ அவர் அடித்த ஜோக், பிறகு வழக்கமாகிவிட்டது.

அவர் இரண்டு அடித்தார். இரண்டு வந்தது. வளைவில் அடித்தார், வந்தது. காற்று முகத்தில் பட்டது, கால்வாய் கூடவே வந்தது. மகன் பேச்சைக் கேட்டு இதையெல்லாம் விடுவதா என்று நினைத்துக்கொண்டே மிதித்தார்.

ஏழேகாலுக்கு மதகு வந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்து டப்பாவை அவிழ்த்தபடி, "கார்டம்மா, வண்டி வந்து சேந்தாச்சு" என்றார். பிறகு திரும்பினார். பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை.

செயின் கழன்றிருக்கும் என்று ஐந்து நிமிஷம் நின்றார். பிறகு வந்த வழியே மிதித்தார். முதலில் நிதானமாக, அப்புறம் மூச்சு வாங்க. ஒரு கிலோமீட்டர், இரண்டு, நாலு. வாடகை வீட்டின் கூரை தெரிகிறவரைக்கும் வந்துவிட்டார். அவள் இல்லை. வீட்டுக்குத் திரும்பியிருப்பாளோ? வாசலில் அவள் சைக்கிள் இல்லை. பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், மகன். எடுத்தால் அவன் பேசுவான், இவருக்குப் புரியாது, புரியவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிடும். போன் அதிர்ந்து ஓய்கிறவரைக்கும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கும் அவருக்கும் இருநூறு அடிதான். உள்ளே போய் அம்மாவைக் காணோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன் சொல்லவில்லை. தானே கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகும் என்று சைக்கிளைத் திருப்பினார்.

எதிர்க்கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சைக்கிளில் ஒரு அம்மா போனதைப் பார்த்தீர்களா என்று டிரைவர் கத்தினார். அந்த ஆள் எழுந்து நின்று ஏதோ சொன்னார், கையை நீட்டிக் காட்டினார். தண்ணீருக்கு அப்பால் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. டிரைவர் தலையை ஆட்டி "சரி சரி" என்றார். நேராகப் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு நேராகவே போனார். மறுபடி மதகு. மறுபடி யாரும் இல்லை. மணி எட்டு பத்து. டப்பா அவர் கேரியரில்தான் இருந்தது, மூடிகூடத் திறக்காமல்.

மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்தபோது படித்த ரயில்வே சட்டப் புத்தகத்தை மனசுக்குள் புரட்டினார். பதில் இல்லை என்றால் வண்டியை நிறுத்து. இறங்கு. வண்டி நெடுக நடந்து பார். நடந்து பார் என்றுதான் இருக்கிறது, பறந்து பார் என்று இல்லை. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கரையின் சரிவைப் பார்த்தபடி நடந்தார்.

மூன்றாவது வளைவில் புல் மடங்கியிருந்தது. எட்டிப் பார்த்தார். பத்தடி கீழே கோரைக்குள் ஒரு சக்கரம். சக்கரத்துக்கு அடியில் கார்டம்மா, ஒரு கால் இருக்கக்கூடாத கோணத்தில் கிடந்தது. முகம் வெளுத்து வேர்வையில் நனைந்திருந்தது. கண் அவரையே பார்த்தது. அவள் கட்டைவிரல் மணியில் இருந்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அழுத்துகிறது, விடுகிறது, அழுத்துகிறது, விடுகிறது.

டிரைவர் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு அந்த விரலைப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. கோரை அசைகிற மாதிரி விரலும் அசைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

டப்பாவையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சறுக்கி இறங்கினார். சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிக் காலை விட்டு நகர்த்தினார். அவள் தலையை மடியில் வைத்து, டப்பாவில் இருந்த வாழைப்பழத்தைப் பிசைந்து வாயில் ஊட்டினார். குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். பாதி மோவாயில் வழிந்தது. அவள் விழுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து உதடு அசைந்தது. அவர் காதை அவள் வாய் மேலேயே வைத்தார்.

"ரெண்டு தடவ என்னக் கடந்து போனீங்க" என்றாள். "அந்த மீன் பிடிக்கிற ஆளு மணிச் சத்தம் கேக்குதுன்னு கை காட்டினாரே. எனக்கே கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கல" என்றார் டிரைவர். அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆனா வழியெல்லாம் நீ பதில் அடிச்சது மட்டும் கேட்டுதே."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "நான் பதில் அடிக்கறத விட்டே ஒரு வருஷம் ஆச்சு. ஒருநாள் சும்மா அடிக்காம இருந்து பாத்தேன். நீங்க தலைய ஆட்டிக்கிட்டே போனீங்க. அன்னைலேர்ந்து பின்னால வர்ற வண்டியெல்லாம் நான்தான் பாத்துக்கிட்டு வர்றேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சைக்கிள விட்டுடுவீங்க. அப்புறம் என்னை எங்க கூட்டிக்கிட்டுப் போவீங்க?"

ஒரு வருஷமாக அவர் கேட்டதெல்லாம் மனசுக்குள் அடித்த பழைய மணிகள். அவளுக்குத் தெரியாமல் மறைக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, அவளோ அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். கடைசியில் கீழே விழுந்து கூப்பிட்டபோது அவரிடம் காது இல்லை.

அவர் போனை எடுத்து மகனை அழைத்தார். போன் திரையில் நொடிக் கணக்கு ஓட ஆரம்பித்ததும் அவன் எடுத்துவிட்டான் என்று தெரிந்தது.

"நீ ஒண்ணும் பேசாத. எனக்குக் காது கேக்காது. நான் சொல்றத மட்டும் கேளு. அம்மா விழுந்துட்டா. கால் உடைஞ்சிருக்கு, சர்க்கரை இறங்கிடுச்சு. கால்வாய்க் கரையில, மதகுலேர்ந்து வர்றப்ப மூணாவது வளைவு, கீழ கோரைக்குள்ள. ஆம்புலன்ஸ் கூட்டிக்கிட்டு வா." அவன் கேட்டானா என்று தெரியாததால் மொத்தத்தையும் மறுபடி சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார்.

அவள் இமை இறங்கிக்கொண்டிருந்தது. அவளை விட்டுவிட்டு மேலே ஏறவும் முடியவில்லை. கீழே இருந்தால் வருகிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், இவர் தாண்டிப் போன மாதிரியே. வண்டி வருகிற சத்தம் இவருக்குக் கேட்காது. சைக்கிளின் கைப்பிடியை இழுத்து அவள் கையருகே கொண்டுவந்தார். அவள் கட்டைவிரலை மணியில் வைத்தார்.

"வண்டிச் சத்தம் உனக்குக் கேட்டதும் ரெண்டு அடி. நான் மேல ஓடறேன்."

"தூக்கம் வருது" என்று வாய் அசைந்தது.

"டியூட்டியில தூங்கக் கூடாது கார்டம்மா" என்றார். தன் விரல்களை மணிக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியில் வைத்துக்கொண்டார். காதால் ஆகாததைக் கையால் பிடித்துவிட வேண்டும் என்று கண்ணை மூடினார். கோரை முழங்கையில் உரசியது. கம்பி சில்லென்று சும்மா இருந்தது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் தலை மடியில் கனத்துக்கொண்டே வந்தது.

கம்பி ஒரு தடவை அதிர்ந்தது.

ஒன்று என்றால் நிறுத்து. அவர் மூச்சை நிறுத்திக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், கம்பியை இறுக்கிப் பிடித்துக் காத்திருந்தார். அடுத்தது வரவில்லை. இன்னும் வரவில்லை. பிறகு மெதுவாக, அரைகுறையாக, விரலுக்கு அடியில் இன்னொன்று அதிர்ந்தது.

டிரைவர் அவள் கட்டைவிரல் மேல் தன் விரலை வைத்து இரண்டு தடவை அழுத்தினார். பிறகு அவள் தலையை மெல்லப் புல்லில் இறக்கிவிட்டு, கைகால்களை ஊன்றிச் சரிவில் ஏறினார்.