ஆணியில் இல்லாத கோட்டு

துவக்குக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்ப்பது, பொம்பிளைக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்ப்பதைவிடச் சீவன் போகிற வேலை என்று நீக்கிலாப்பிள்ளை அடிக்கடி சொல்லுவார். கல்யாணமே கட்டாத மனுசனுக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவார். பிறகு அன்றைக்கு முழுக்க அவரிடமிருந்து பேச்சு வராது.

ஸ்காபரோவில் ஒரு கார் ரயர்க் கடைக்குப் பின்புறம் இருக்கிற துவக்குத் திருத்தும் பட்டறையில் அவருக்கு வேலை. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் துவக்கை வாங்கிவிட்டு, தோள் நோகுது, குறிபார்க்கிற ஸ்கோப் புருவத்தில் இடிக்குது, குறி தப்புது என்று அங்கே வந்து நிற்பார்கள். நீக்கிலாப்பிள்ளை முதலில் துவக்கைத் தொடமாட்டார், ஆளைத்தான் பார்ப்பார். கழுத்து நீளமா, கை கட்டையா, கன்னத்தில் சதை எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான், தோளில் வைக்கிற பின்கட்டையான பிடங்கை வெட்டுவார். ஆள் நெட்டை என்றால், பிடங்குக்கும் அதன் நுனியில் இருக்கிற ரப்பர் மெத்தைக்கும் நடுவில் கறுப்புத் தகடு ஒன்று வைத்து நீட்டிக் கொடுப்பார்.

போனில் கேட்கிற எல்லாருக்கும் அவர் சொல்லுகிற முதல் வசனம், "வேட்டைக்குப் போடுற கோட்டோட வாங்கோ" என்பதுதான். அதில் நியாயம் இருக்கிறது. கோடையில் மெல்லிய சட்டையோடு அளந்த துவக்கு, நவம்பர்க் குளிரில் தடிப்பான மொத்தக் கோட்டுக்கு மேல் வைக்கும்போது நீண்டுபோய்விடும். தூக்குகிற நேரம் பிடங்கு கக்கத்தில் கொழுவி மாட்டிக்கொள்ளும். மான் நின்று பார்த்துவிட்டு, பாவம் என்று போய்விடும். சொல்லியும் மறந்து வருகிறவர்களுக்காகக் கதவடி ஆணியில் ஒரு பழைய பச்சைக் கோட்டு தொங்கும். எத்தனையோ வருடமாக அந்த ஆணி வெறுமையாக இருந்ததில்லை.

கிளடிஸ் வந்த அன்றுதான் அது வெறுமையாக இருந்தது.

கிளடிஸ் யாரென்று சொல்லவேண்டும். நீக்கிலாப்பிள்ளை முதன்முதலாக அகதியாக வந்து சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் ஒரு அறையில் நெருக்கியடித்துக் கிடந்த காலத்தில், மேல்மாடியில் தமையனோடு இருந்தவள். லிஃப்டில் ஏறும்போதெல்லாம் நீக்கிலாப்பிள்ளை அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நின்றாரே தவிர, வாய் திறந்தாரா? இல்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றால் யார் காத்திருப்பார்கள்? கூட இருந்த கூட்டாளி ஜெனாட் நேரே தமையனிடம் போய்க் கேட்டான், கட்டினான். கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று மோதிரத்தை எடுத்துக் கொடுத்தது நம்முடைய நீக்கிலாப்பிள்ளைதான்.

ஜெனாட் நல்லவன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு நவம்பரும் கோயிலில் பழக்கமான றொய்சன் ஆக்களோடு வடக்கே காட்டுக்குப் போய் மான் அடித்துக்கொண்டு வருவான். டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த மாடிக் கட்டடம் முழுக்க அன்றைக்கு மிளகும் இறைச்சியும் மணக்கும். போன வருடத்துக்கு முந்தின மாரியில் நெஞ்சுவலி என்று படுத்தவன் எழும்பவில்லை. அவனுக்குப் பிறகு நவம்பர் வந்தது, மான் வரவில்லை. அடுத்த நவம்பரும் அப்படியே போனது. கிளடிஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே வகுப்புக்குப் போய்ப் படித்து லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பேரப்பிள்ளை கண்ட வயதில் இவவுக்கு ஏன் உந்த விசர் வேலை என்று கோயில் வாசலில் சனம் கதைத்தது. அவள் அதைக் காதில் விழுத்தவே இல்லை.

ஓகஸ்ட் மாதம் அவளிடமிருந்து போன் வந்தது.

"நீக்கிலாப்பிள்ளை அண்ணை, ஜெனாட்டின்ரை துவக்கு எனக்கு நீளம் கூடிப்போச்சு. நீங்கள்தானே அவருக்கு அளந்து குடுத்தனீங்கள்? எனக்கும் ஒருக்கால் பாத்துத் தருவியளோ?"

"ஓம், வாங்கோ கிளடிஸ். சனிக்கிழமை வாங்கோ" என்றார்.

கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துபோனார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. சனிக்கிழமை காலையில் பட்டறையைத் திறந்ததும் செய்த முதல் வேலை, ஆணியில் தொங்கிய பச்சைக் கோட்டைச் சுருட்டி வேலைமேசைக்குக் கீழே தள்ளியது. இப்போது சட்டையோடு அளந்தால், குளிர் வந்ததும் துவக்கு அவளுக்குக் கொழுவும். கொழுவினால் திரும்பி வருவாள். அந்த மனுசனுடைய திட்டம் அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திட்டம். ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

அவள் பருத்திச் சட்டையோடு வந்தாள். துவக்குப் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். நீக்கிலாப்பிள்ளை குண்டு ஏற்றுகிற போல்டைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெறும் துவக்கை அவள் கையில் கொடுத்தார்.

"சுவர்ப் பக்கம் திரும்புங்கோ. கண்ணை மூடுங்கோ. மூடிக்கொண்டு தோளிலை வையுங்கோ, கன்னத்தைக் கட்டையிலை சாய்ச்சுக்கொண்டு கண்ணைத் திறவுங்கோ. என்ன தெரியுது?"

"பாதி தெரியுது. மிச்சம் கறுப்பு."

"துவக்கு உங்களுக்குப் பொருந்தினால் கண்ணைத் திறந்த உடனை ஸ்கோப்பின்ரை முழு வட்டமும் தெரியோணும். தலையை அங்கை இங்கை அரக்கித் தேடக் கூடாது."

கட்டையில் ஜெனாட்டின் கன்னம் பட்டுப்பட்டு ஓரிடம் மினுங்கிப்போய்க் கிடந்தது. அவள் அதை விரலால் தடவினாள்.

"வெட்டத்தான் வேணுமோ அண்ணை?"

"கன்னம் படுற இடத்தைத் தொடமாட்டன். பின்பக்கம்தான் வெட்டு."

"அப்ப வெட்டுங்கோ. அந்தாள் கோவிக்காது."

நீக்கிலாப்பிள்ளை வெட்டினார். திட்டம் கள்ளத் திட்டம் என்றாலும் தொழிலில் கள்ளம் செய்ய அவருக்கு வராது. மொத்தக் கோட்டுக்குச் சரியாக வரும்படி பிடங்கைக் கட்டையாக வெட்டிவிட்டு, மேலே ஒரு தகட்டை வைத்துச் சட்டைக்கு ஏற்றபடி நீட்டி முடுக்கினார். தகட்டைக் கழற்றினால் போதும், குளிருக்குச் சரியாகிவிடும். இது அவருக்கு மட்டும் தெரியும்.

செப்டெம்பரில் எடுக்க வந்தாள். கண்ணை மூடினாள், தூக்கினாள், திறந்தாள்.

"ஐயோ அண்ணை! முழு வட்டமும் தெரியுது!"

சிறு பிள்ளைபோல் சிரித்தாள். நீக்கிலாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தார். அவள் கன்னம் ஜெனாட்டின் கன்னம் மினுக்கிய இடத்தில் அச்சொட்டாகப் போய் இருந்தது. அவருடைய கைவேலைதான் அதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது. வேலை நன்றாய் வந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டிய மனுசனுக்கு அது நொந்தது. செத்தவனோடு போட்டி போடுகிறேனே, எனக்கு வெட்கமில்லையா என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டார்.

"ஏதும் சரிவராட்டி வாங்கோ, என்ன" என்றார், பெட்டியைக் காருக்குள் வைக்கும்போது.

"ஓம் அண்ணை, வாறன்."

அந்த 'வாறன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மனுசன் ஒக்டோபருக்குள் போனார். மரங்கள் சிவந்தன. பட்டறைக் கதவு திறபடும் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தினார். வந்தவர்கள் எல்லாம் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள். ஞாயிறு பூசையில் அவள் முன் வரிசை வாங்கில் இருந்தாள். "சுகமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் பாட்டுக் குழுப் பெண்களோடு போய்விட்டாள். மற்றவர்கள் எல்லாம் கோட்டுக்கு மாறிவிட்டார்கள், அவளும் மாறிவிட்டாள். ஆனால் வரவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் றொய்சன் மறித்தான்.

"அங்கிள், வாற சனிக்கிழமை வெளிக்கிடுறம். கிளடிஸ் அன்ரியும் வாறா. சுட்டுப் பழகுற றேஞ்சிலை பாத்தன், சுவெட்டரோட நிண்டு அந்த மாதிரிச் சுடுறா!"

"சுவெட்டரோடையோ? கோட்டுப் போட்டுச் சுட்டுப் பாக்கேல்லையோ?"

"இல்லை அங்கிள். ஏன்?"

நீக்கிலாப்பிள்ளை காரை நோக்கி ஓட்டமாய் நடந்தார். அவள் கொழுவலைக் கண்டுபிடித்து வருவாள் என்றல்லவா இருந்தார்? கண்டுபிடிக்காமலே காட்டுக்குப் போனால்? மொத்தக் கோட்டு, அதற்கு மேல் வேட்டைக்காரர் போடுகிற செம்மஞ்சள் அங்கி, விறைத்த கை. குண்டு போட்ட துவக்கு பாதியில் கக்கத்தில் கொழுவி நிற்கும், விரல் விசையில் இருக்கும், பக்கத்தில் ஆட்கள். மாதாவே! ஒருத்தியை ஒருமுறை பார்க்கிற ஆசைக்காக இப்படி ஒரு கோதாரி வேலை பார்த்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். சொல்லாமல் விடவும் முடியாது. சொன்னால் ஏன் ஒளித்தாய் என்று கேட்பாள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலை அவர் லிஃப்டுக் காலத்திலிருந்து விழுங்கி வைத்திருக்கிறார். சொன்ன பிறகு அவள் கோயிலில்கூட முகம் பார்க்காமல் விட்டால்?

போன் எடுத்தார். அவள் தூக்கவில்லை. பட்டறைக்குப் போய்த் திருப்புளியை எடுத்தார், பச்சைக் கோட்டையும் ஒரு பையில் அடைத்தார், டோர்செட் பார்க்குக்குக் காரை விட்டார்.

கிளடிஸ் கதவைத் திறந்தாள். ஆச்சரியப்படவில்லை. "வாங்கோ" என்றாள். குசினிக் கதிரையில் புது வேட்டைக் கோட்டு ஒன்று தொங்கியது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

நீக்கிலாப்பிள்ளை இருக்கவில்லை. "கிளடிஸ், துவக்கை எடுங்கோ. நான் ஒரு பிழை விட்டிட்டன்."

"கோட்டோ?"

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"மேசைக்குக் கீழை கிடந்தது, ஒரு கை வெளியிலை நீட்டிக்கொண்டு" என்றாள் கிளடிஸ். "ஜெனாட்டோட வந்த நேரமெல்லாம் அது ஆணியிலை தொங்கினதைக் கண்டனான். அண்டைக்கு ஆணி வெறுமையாக் கிடந்திது. நீங்கள் கோட்டோட வா எண்டு போனிலையும் சொல்லேல்லை. ஊருக்கெல்லாம் சொல்லுற மனுசன்."

"அப்ப ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

"நீங்கள் ஏன் ஒளிச்சனீங்கள்?"

அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தல் கொதிக்கத் தொடங்கியது. நீக்கிலாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நீங்கள் திரும்பி வரோணும் எண்டுதான்" என்றார். ஒரு வழியாகச் சொல்லிவிட்டார்.

கிளடிஸ் அடுப்பை நிறுத்தினாள். திரும்பவில்லை.

"குளிர் துவங்கின உடனை கோட்டைப் போட்டுத் தூக்கிப் பாத்தனான். கக்கத்திலை கொழுவிச்சுது. வருவம் எண்டு வெளிக்கிட்டுப்போட்டு இருந்திட்டன். இந்த முறை வேலையைச் செய்தவர் வரட்டும் எண்டு. அப்பவும் லிஃப்டுக் கதவைத்தானே பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். ஒக்டோபர் முழுக்க வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தன், தெரியுமோ?"

"நான் வராட்டி?"

"வராட்டி துவக்கை றொய்சனிட்டைக் குடுத்திட்டு, போகாமல் வீட்டிலை இருந்திருப்பன்."

இந்த வேட்டைக்காக அவள் வகுப்புக்குப் போனதும், சனத்தின் வாயைப் பொறுத்ததும் நீக்கிலாப்பிள்ளைக்குத் தெரியும். அதையே விடத் துணிந்துதான் இருந்திருக்கிறாள். அவருக்குக் கண் கலங்கியது. மனுசன் மறைக்கவும் இல்லை.

அவள் அலுமாரிப் பூட்டைத் திறந்து துவக்கை எடுத்துவந்தாள். அவர் போல்டைக் கழற்றினார், பிறகு மெத்தையின் இரண்டு ஆணிகளையும் திருகித் தகட்டை எடுத்தார், மெத்தையைத் திரும்ப முடுக்கினார். இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் இத்தனை நாள். அவள் வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அங்காலை வேண்டாம்! எதிர்க் கட்டடத்திலை ஆரும் கண்டால் பொலிஸ் வந்திடும்."

சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே மாதா படம். அதற்குப் பக்கத்தில் மின்விளக்கு மாலைக்குள் ஜெனாட். இரண்டு பேருக்கும் நேரே பிடிக்க முடியுமா? இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் பிரிஜ்ஜுக்கு நேரே நின்றாள்.

"கண்ணை மூடுங்கோ. தூக்குங்கோ. திறவுங்கோ. என்ன தெரியுது?"

"பிரிஜ் கதவு முழுக்கத் தெரியுது. கொஞ்சமும் கறுப்பில்லை."

அவள் கன்னம் அதே மினுங்கலில் இருந்தது. இந்த முறை அவருக்கு அவ்வளவாக நோகவில்லை. அது ஜெனாட்டின் இடம், இருந்துவிட்டுப் போகட்டும்.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் எழும்பினார். தகடு மேசையில் கிடந்தது. அவள் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கோடைக்கு உதைத் திருப்பிப் போடோணும் என்ன?"

"சட்டையோட சுடுறதெண்டால் போடத்தான் வேணும்."

"அப்ப நீங்களே வைச்சிருங்கோ. துலைச்சுப் போடாதையுங்கோ."

"கோடை வர இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு, கிளடிஸ்."

"ஓம். அதுவரைக்கும் சாக்குச் சாட்டு ஒண்டும் இல்லாமல் வாங்கோ. அடுத்த ஞாயிறு மான் கறி. மான் அம்பிடாட்டி கோழி."

அன்றைக்கு வாசல் திறந்ததிலிருந்து அவள் ஒருமுறைகூட 'அண்ணை' சொல்லவில்லை என்பது லிஃப்டுக்காகக் காத்து நிற்கும்போதுதான் அவருக்கு விளங்கியது. லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது. பழக்கதோஷத்தில் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் மற்றக் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். பச்சைக் கோட்டு அவள் குசினியிலேயே கிடந்தது. சத்தியமாக, இந்த முறை மறந்துதான் வந்துவிட்டார்.