பச்சை பாட்டில் மச்சான்

விவாகரத்தான ஒரு வருஷத்தில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு மனைவியைப் பிரிந்த துக்கம் ஒருவழியாக ஆறிவிட்டது. மச்சானைப் பிரிந்த துக்கம்தான் ஆறவே இல்லை. இதை வெளியே சொல்லவும் முடியாது. மனைவியை நினைத்து ஏங்குகிறவனைப் பார்த்து நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள். மனைவியின் அண்ணனை நினைத்து ஏங்குகிறவனைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

மச்சானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கைப்பையில் நாலு கார்ல்ஸ்பெர்க் பீரோடு தங்கை வீட்டுக்கு வந்துவிடுவார். மாப்பிள்ளை ஃப்ரிட்ஜில் ஹைனிகன் வாங்கி வைத்திருப்பான். இரண்டும் பச்சை பாட்டில், இரண்டும் வைக்கோல் நிறம். வெளியாளுக்கு வித்தியாசம் தெரியாது. இவர்களுக்கோ அதுதான் வாரத்துக்கு ஒரு பட்டிமன்றம்.

"ஹைனிகன் முதல் வாய் நல்லாத்தான் இருக்கு மாப்ள. மூணாவது வாய்ல ஒரு கசப்பு வந்து நாக்குல சம்மணம் போட்டு உக்காந்துக்குது. எந்திரிக்கவே மாட்டேங்குது."

"உங்க கார்ல்ஸ்பெர்க்ல கசப்பே இல்லையே மச்சான். கோவமே வராத பொண்டாட்டி மாதிரி. உள்ள என்ன இருக்குன்னே தெரியாது."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அதைக் கேட்டும் கோபப்படவில்லை. அவன் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள்: ஸ்டெல்லா பீர் ஆகாது. வேகவைத்த சோளத்தின் வாடை அதில் வருகிறது என்று சத்தியம் செய்யாத குறைதான். ஒருநாள் மனைவி அலுத்துப்போய் இருவரின் கண்ணையும் துண்டால் கட்டிவிட்டு மூன்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். மச்சான் ஒன்றைக் குடித்துவிட்டு, "இதுதான் என்னோடது, கண்ணைக் கட்டினா நாக்கையுமா கட்டிட்ட?" என்றார். அவனும் அதே டம்ளரைத்தான் ஹைனிகன் என்று அடித்துச் சொன்னான். துண்டை அவிழ்த்தால் அது ஸ்டெல்லா. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாட்டில் வெயிலில் நின்றிருக்கும், அதனால்தான் ருசி மாறிவிட்டது என்று இருவரும் கூட்டுச் சேர்ந்து சாதித்தார்கள்.

பிரிவு சண்டையோடு வரவில்லை. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைதாரர் மாதிரி இருந்தார்கள். ஒருவர் காலி செய்தார், அவ்வளவுதான். மச்சான் ஒருமுறை போன் செய்தார். "நான் அவ பக்கம்தான் நின்னாகணும் மாப்ள. தப்பா எடுத்துக்காதீங்க." "புரியுது மச்சான்" என்றான். நிஜமாகவே புரிந்தது. புரிந்ததால் ஏக்கம் குறைந்துவிடுமா என்ன? ஞாயிறு மதியம் ஒற்றை பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிர் நாற்காலி இப்போது என்ன குறை சொல்லும் என்று யோசிப்பான். ருசியைப் பற்றி வாதாட ஆள் இல்லாமல் போனதும் ருசியும் கொஞ்சம் மட்டுப்பட்டுவிட்டது.

மூன்று வருஷம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை பகலில், அவன் அதுவரை போயிராத ஒரு குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றார் காவலாளி. மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறி, மெயினை அணைத்துவிட்டு, உள்ளே இருப்பவரோடு பேசும் இன்டர்காமை எடுத்தான்.

"பயப்படாதீங்க சார். மேல இருந்து கையால இறக்கப் போறேன். கதவுல சாயாம நில்லுங்க."

"மாப்ள?" என்றது இன்டர்காம்.

அவன் மோட்டார் மேல் கையை ஊன்றிக்கொண்டான். "மச்சான்."

"நல்லவேளை, தெரிஞ்ச ஆளு. விட்டுட மாட்டீங்க."

"கையில என்ன வெச்சிருக்கீங்க? ஏதோ கிணுகிணுங்குது."

"ஒரு பெட்டி பீரு. தங்கச்சி அஞ்சாவது மாடியில குடி வந்திருக்கா. அவருக்கு... புது மாப்பிள்ளைக்கு."

அவளுக்கு மறுகல்யாணம் ஆன செய்தி அவன் காதுக்கும் வந்திருந்தது. பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினான்.

"என்ன பீரு?"

"கேக்காதீங்க மாப்ள."

"சொல்லுங்க."

"ஸ்டெல்லா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்களும் அதைத்தான் குடிக்கிறீங்களா?"

"ஊத்திக் குடுத்தா குடிக்கிறேன். நல்ல மனுஷன், குறை சொல்லக் கூடாது. கார்ல்ஸ்பெர்க் எப்படின்னு கேட்டேன், நல்லாருக்குன்னார். ஹைனிகன் எப்படின்னேன், அதுவும் நல்லாருக்குன்னார். எல்லாமே நல்லாருக்குன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

லிஃப்ட் மூன்றாம் மாடி மட்டத்துக்கு வந்துவிட்டது. பிரேக்கைப் போட்டான். இனி கீழே இறங்கிப் போய்ச் சாவி போட்டுக் கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அவன் இன்டர்காமை வைக்கவில்லை.

"அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. இப்பல்லாம் கோவப்படுறா. கத்துறா. பாக்கவே சந்தோஷமா இருக்கு."

"சந்தோஷம்" என்று அவனும் சொன்னான். சொன்னதில் பொய் இல்லை, வலி இருந்தது. கடை எப்படிப் போகிறது என்று கேட்டான். முட்டி வலி குறைந்ததா என்று கேட்டான். ஹைனிகனின் கசப்பு இன்னும் சம்மணம் போட்டுத்தான் உட்கார்கிறதா என்று மச்சான் கேட்டார். "இப்ப காலையே நீட்டிப் படுத்துடுது" என்றான் அவன். இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

"மாப்ள, சக்கரச் சத்தம் நின்னு நேரமாச்சு."

"ஆமா மச்சான்."

"தெரியும். நானும் கதவைத் தொறக்கச் சொல்லிக் கேக்காமத்தான் இருந்தேன்."

அவன் படியிறங்கிப் போய்க் கதவைத் திறந்தான். மச்சானின் தலை நன்றாக நரைத்திருந்தது. இன்டர்காமில் அவ்வளவு பேசியவர் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "வரேங்க" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் படியேறினார். மேலே ஏதோ கதவு திறந்தது. ஒரு பெண் குரல், "ஏன் இவ்ளோ நேரம்?" என்று கோபமாகக் கேட்டது. அவன் மெயினைப் போட மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். ஐந்தாம் மாடியைத் தாண்டும்போது அந்தக் கதவு சாத்தியிருந்தது.

அடுத்த வாரம் கடையிலிருந்து போன் வந்தது. "கண்ணு செக் பண்ணி எவ்ளோ நாளாச்சு?"

"நல்லாத்தான் தெரியுது மச்சான்."

"அதை நான் பாத்துச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடை லீவு. வாங்க."

போனான். கதவில் விடுமுறைப் பலகை தொங்கியது, உள்ளே ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. மச்சான் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, கண் சோதிக்கும் இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். ஒரு வில்லையைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டார்.

"இது தெளிவா இருக்கா, முன்னது தெளிவா இருந்துச்சா?"

"இன்னொரு தடவை காட்டுங்க மச்சான்" என்றான் அவன். அவர் மறுபடி காட்டினார். அவசரப்படவில்லை. சொட்டுமருந்து வைக்கும் குட்டி ஃப்ரிட்ஜ், உள்ளே பாட்டில்கள் கிணுகிணுக்க, அவருக்குப் பின்னால் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

"எழுத்தைப் பாருங்க மாப்ள. என்னைப் பாக்காதீங்க."