படத்தில் இல்லாத பெட்டி

அந்த லிஃப்ட் கம்பெனி மேனேஜருக்கு அலுவலகத்தில் பச்சைக்கொடி என்று பெயர். வாராவாரம் அவர் மேலே அனுப்பும் அறிக்கையில் எல்லா வேலைக்கும் எதிரே, சரியாக நடக்கிறது என்கிற பச்சைப் புள்ளிதான் இருக்கும். கீழே இருப்பவர்கள் சிவப்பு என்றால் அவர் மஞ்சள் என்று எழுதிக்கொள்வார். மஞ்சள் என்றால் பச்சை. கட்டடமே தீப்பிடித்து எரிந்தாலும் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று எழுதக்கூடிய மனிதர். அவரால்தான் அவளுக்குச் சில வாரங்களாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் அந்த லிஃப்ட் கம்பெனியின் ஆர்க்கிடெக்ட். வீடு கட்டுகிற ஆர்க்கிடெக்ட் இல்லை. அது தெரியாமல் உறவுக்காரர்களில் பாதிப் பேர் மாடிக்குப் பிளான் கேட்டு ஏமாந்திருக்கிறார்கள். கம்பெனியில் ஓடும் சாஃப்ட்வேர்கள் எவை, எது எதோடு பேசுகிறது, எதை நிறுத்தினால் எது படுத்துக்கொள்ளும் என்று பெட்டி பெட்டியாக வரைந்து கோடு போட்டுக் காட்டுவது அவள் வேலை. பழைய சர்வரை மூட்டைகட்டிவிட்டு எல்லாவற்றையும் புதிய சிஸ்டத்துக்கு மாற்றுவது என்று முடிவானபோது முதல் படத்தை அவள்தான் வரைந்து கொடுத்தாள்.

அந்தப் படத்தின் கீழ் மூலையில் ‘மணி’ என்று ஒரு சின்னப் பெட்டி. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால், அந்தப் பக்கம் வேலையில் இருக்கும் மெக்கானிக்கின் போனுக்கு உடனே அழைப்பு போக வைக்கிற புரோகிராம் அது. அழுத்தியவரும் மெக்கானிக்கும் பேசிக்கொள்ளலாம். பழைய சர்வரில் யார் வம்புக்கும் போகாமல் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது.

பச்சைக்கொடி அந்தப் படத்தை முதலாளியம்மாவின் கூட்டத்துக்கு எடுத்துப் போனார். ஒரே பக்கத்தில் வர வேண்டும், எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். நெருக்கமாக இருக்கிறதே என்று சில பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கினார். மணியை எடுத்தே விட்டார். மணி என்பது லிஃப்ட்டில் மாட்டியிருக்கும் சாமான்தானே, இதில் சாஃப்ட்வேருக்கு என்ன வேலை என்று அவராகவே நினைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. அவளை அதற்குள் வேறொரு வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த அழகான ஒரு பக்கப் படத்தை வைத்துத்தான் வேலையைப் பிரித்தார்கள், ஆள் எடுத்தார்கள், எதையெல்லாம் சோதிப்பது என்று தீர்மானித்தார்கள். படத்தில் இல்லாத பெட்டியை எவன் கட்டுவான், எவன் சோதிப்பான்?

கடைசிக் கட்டத்தில் அந்தப் படம் கையெழுத்துக்காக அவளிடம் வந்தபோதுதான் மூலை காலியாக இருப்பதைப் பார்த்தாள். முதலில் நினைவுக்கு வந்தவள் அக்கா. விபத்துக்குப் பிறகு அக்காவுக்குச் சக்கர நாற்காலிதான் கால். வீடோ மேல்மாடியில். ஒருமுறை மழையில் மின்சாரம் போய் லிஃப்ட் பாதி வழியில் நின்றது. அக்கா மணியை அழுத்தினாள். அந்தப் பக்கம் அன்று வேலையில் இருந்தது தம்பி. அவன் இதே கம்பெனியில் மெக்கானிக். அவனே வந்து கதவைத் திறந்ததையும், அக்கா உள்ளே இருந்தபடியே "ஏன்டா இவ்வளவு லேட்டு" என்று திட்டியதையும் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் மேல்தான் இந்த மனிதர் அழிரப்பரை வைத்திருக்கிறார்.

நேரே போய்ச் சொன்னாள். "அது ஸ்கோப்ல, நம்ம வேலைப் பட்டியல்ல, இல்லையேம்மா" என்றார். நீங்கள் எடுத்ததால்தான் இல்லை என்றாள். படத்தில் இல்லாத பெட்டிக்கு அறிக்கையில் வரிசை கிடையாது, வரிசை இல்லாமல் சிவப்புப் புள்ளியை எங்கே வைப்பது என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். முதலாளியம்மாவுக்கு மெயில் போட்டாள். அது சுற்றி வளைத்து அவரிடமே வந்து சேர்ந்தது. திட்டத்தை மேற்பார்க்கும் ஸ்டியரிங் கமிட்டியில் எழுந்து நின்றாள். அந்தக் கமிட்டியில் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு மேஜை நிறைய ஆட்கள். பிரேக் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் வாயைத் திறந்ததுமே பச்சைக்கொடி சிரித்த முகத்தோடு, "நல்ல பாயிண்ட். அதைத் தனியா பேசிக்கலாம்" என்றார். தனியாகப் பேசப் போனால் அறைக்கதவு சாத்தியிருக்கும். அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவள் கையெழுத்து தேவையில்லை என்று விதியை மாற்றினார்கள். அன்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முட்டாள்தனத்தை மன்னித்துவிடலாம், இந்தச் சிரித்த முகத்தை மன்னிக்கவே முடியாது என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை ஒத்திகை. தலைமை அலுவலகக் கட்டடத்தை மட்டும் புதிய சிஸ்டத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். திரையில் வரிசையாகப் பச்சை விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். மதியம் மற்ற கட்டடங்களும் மாறும். பழைய சர்வரில் இருப்பதை அழித்து, அதைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு யார் தலைகீழாக நின்றாலும் மணி திரும்ப வராது. சர்வரை அணைக்கிற பெருமையை முதலாளியம்மாவுக்கே தருவதென்று பச்சைக்கொடி அவரை மேல்தளத்திலிருந்து கீழே அழைத்துப் போனார். கதவு மூடப் போகும் நேரத்தில் அவளும் லிஃப்ட்டுக்குள் நுழைந்தாள்.

இரண்டு தளம் இறங்கியதும் லிஃப்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் குலுங்கி நின்றது.

"என்ன பண்றீங்க?" என்றார் பச்சைக்கொடி.

"தனியா பேசிக்கலாம்னு சொன்னீங்களே சார். இப்ப தனியாத்தான் இருக்கோம். அந்த மணியை அழுத்துங்க."

அவர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா பொத்தானைக் காட்டினார். பச்சைக்கொடி அழுத்தினார். பொத்தானில் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார். பிறகு கட்டை விரலை எடுக்காமலே நின்றார். போனை எடுத்துப் பார்த்தார்; லிஃப்ட்டுக்குள் சிக்னல் இல்லை. நெற்றி வேர்த்தது. சிரித்த முகம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்களே?" என்றார் முதலாளியம்மா.

"எடுக்க மாட்டாங்க மேடம். எடுக்க வைக்கிறது புது சிஸ்டத்துல இல்லவே இல்லை. படம் அழகா இருக்கணும்னு சார் அதை வெட்டிட்டாரு. மதியத்துக்கு மேல ஊர்ல எந்த லிஃப்ட்ல அழுத்தினாலும் இதேதான். எங்க அக்கா லிஃப்ட்லயும்." அவள் மூடிய கதவைக் காட்டினாள். "அவளால தட்டிக் கூப்பிடக்கூட எழுந்து நிக்க முடியாது."

அவள் சிவப்புப் பொத்தானை விடுவித்தாள். கீழே கதவு திறந்தபோது பைக்குள் சாமான்களோடு தம்பி நின்றுகொண்டிருந்தான். இந்தக் கட்டடத்துக்கு அன்று வேலையில் இருந்தவன் அவன். எதற்கும் வாசலிலேயே நில் என்று காலையில் அவள் சொல்லி வைத்திருந்தாள்.

உனக்கு அழைப்பு வந்ததா என்று முதலாளியம்மா அவனைக் கேட்டார்.

"இல்லைங்க" என்று போனை நீட்டினான். "வந்திருந்தா அப்பவே மேல வந்திருப்பேன்."

முதலாளியம்மா சர்வர் அறைப் பக்கம் திரும்பவில்லை. எதையும் தொடக் கூடாது, மணி வேலை செய்வதைத் தன் கண்ணால் பார்க்கும்வரை பழையது ஓடட்டும் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் போனில் பச்சைக்கொடியின் அறிக்கை வந்தது. "திட்டமிட்ட ஆய்வின் ஒரு பகுதியாகத் தேதி மாற்றியமைக்கப்பட்டது." எதிரே பச்சைப் புள்ளி. இன்னொரு மெயில், லிஃப்ட்டைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு அவளிடம் விளக்கம் கேட்டது. நடுத்தெருவில் நின்று அந்த ஆளை வாய்விட்டுத் திட்டினாள். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

அக்கா கட்டடத்து லிஃப்ட்டில் ஏறியும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. மணியை அழுத்தினாள். மேல்மாடி வருவதற்குள் ஒரு மெக்கானிக்கின் கரகரத்த குரல் கேட்டது.

"சொல்லுங்க, மாட்டிக்கிட்டீங்களா? பயப்படாதீங்க, பக்கத்துலதான் இருக்கேன்."

"இல்லைங்க. சும்மாதான் அழுத்தினேன்."

"சும்மா அழுத்தறதுக்கா இதை வச்சிருக்கு? அறிவு வேணாமா உங்களுக்கு? இங்க சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு எந்திரிச்சிருக்கேன்." அந்த மனிதர் மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே போனார். கதவு திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்தது. அவள் இறங்காமல், கண்ணைத் துடைக்கக்கூட மறந்து, முழுவதையும் நின்று கேட்டாள்.